பெரிய காயில் ஆழம் பார்க்குமா?

2023 மார்ச் மாதம் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. விக்டோரியா மாநிலத்தின் பழைய தங்கவயல் பகுதியில் ஒருவர் தோண்டியெடுத்த 4.6 கிலோ பாறைக்குள் 2.6 கிலோ தங்கம் இருந்தது. மதிப்பு 2,40,000 ஆஸ்திரேலிய டாலர். அவர் கையில் இருந்ததோ சுமார் 1,200 டாலர் விலையுள்ள எளிய மெட்டல் டிடெக்டர். அதைப் படித்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கருவியின் அடியில் தட்டு மாதிரி இருக்கும் காயிலை இன்னும் பெரிதாக மாட்டினால் இன்னும் ஆழத்தில் இருப்பதும் தெரியுமே? பிறகு ஏன் பலர் சின்னக் காயிலோடு அலைகிறார்கள்?"

விற்பவர்கள் சொல்வதும் அதைத்தான்: பெரிதாக வாங்கு, ஆழம் கிடைக்கும். இது பாதி உண்மை. மீதியைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 20 செ.மீ. விட்டத்தில் ஒரு காயில், 45 செ.மீ. விட்டத்தில் இன்னொன்று. இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் சுற்றுகள், ஒரே மின்னோட்டம். காயில் அனுப்பும் காந்தப்புலம் போகும் வழியில் தேய்கிறது. தங்கம் திருப்பி அனுப்புவது வரும் வழியில் தேய்கிறது. காயிலின் நடுவுக்கு நேர் கீழே 2.5 செ.மீ. ஆழத்தில் கிடக்கும் கட்டிக்கு, சின்னக் காயிலில் கிடைக்கும் சமிக்ஞை பெரியதில் கிடைப்பதைப்போல் 4 மடங்குக்கும் மேல். சுமார் 10 செ.மீ. ஆழத்தில் இரண்டும் சமம். 40 செ.மீ. ஆழத்தில் பெரிய காயில் 13 மடங்கு முந்திவிடுகிறது. ஆனால் அந்த ஆழத்தில் அதற்கே கிடைப்பது, மேற்பரப்பில் கிடைத்ததில் ஏறக்குறைய 70-இல் ஒரு பங்குதான். இன்னும் கீழே போனால் நிலைமை மோசம்: ஆழம் இரட்டித்தால் சமிக்ஞை 64-இல் ஒன்றாகச் சுருங்கும். கட்டியின் அளவைச் சொல்லாமல் "இத்தனை அடி ஆழம் பார்க்கும்" என்று மட்டும் சொல்லும் விளம்பரத்துக்கு ஆகையால் அர்த்தமே கிடையாது.

இது தூரத்தின் கதை. எனக்கு அதைவிடப் பிடித்தது நேரத்தின் கதை.

தங்கவயல்களில் பெரும்பாலும் ஆள்வது பல்ஸ் இண்டக்‌ஷன் வகைக் கருவி. காயிலுக்குள் மின்னோட்டத்தைச் செலுத்தி, சட்டென்று துண்டிக்கும். அந்த நொடியில் தங்கக் கட்டிக்குள் சுழல் மின்னோட்டங்கள் எழுந்து, சிக்கிய காந்தப்புலத்தைத் தக்கவைக்கப் பார்த்து, தோற்று, அடங்கும். கருவி 10 மைக்ரோ வினாடி அளவு பொறுத்துவிட்டுக் காது கொடுக்கும். உலோகத்திலிருந்து காந்தப்புலம் கசிந்து வெளியேறும் சமன்பாடும், சூடான பொருளுக்குள்ளிருந்து வெப்பம் கசிந்து வெளியேறும் சமன்பாடும் ஒன்றே. அதனால் சமையலறைக்குள் துணிந்து போகலாம்.

அடுப்பை அப்போதுதான் அணைத்திருக்கிறார்கள். கும்மிருட்டு. உள்ளங்கையில் படும் அனலை மட்டும் வைத்து எது எங்கே இருக்கிறது என்று சொல்லவேண்டும். சாம்பார் அண்டா ஒரு மணி நேரம் கழித்தும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். தாளிப்புக் கரண்டி சீக்கிரமே ஆறிவிடும். உள்ளிருந்து கசியும் வெப்பத்துக்கு அளவு 10 மடங்கானால் நேரம் 100 மடங்கு. தங்கத்துக்கும் அதே விதிதான். 2 மி.மீ. விட்டமுள்ள சுத்தத் தங்க உருண்டை ஆற ஏறக்குறைய 5 மைக்ரோ வினாடி, 2 செ.மீ. உருண்டைக்கு 500. கரண்டியைப் பிடிக்கவேண்டுமானால் அணைத்த மறுகணமே கையை நீட்டவேண்டும். ஆனால் அந்தக் கை அதுவரை இருந்தது தோசைக்கல்லின் மேல். அதன் சொந்தச் சூடு அடங்காமல் வேறெதையும் உணர முடியாது. காயிலின் நிலை அதுவே. அதன் சுற்றுகளில் ஊறிய மின்னோட்டம் முழுக்க வடிந்த பிறகுதான் தங்கத்தின் குரல் கேட்கும். சுற்றுகளுக்கு இடையே மின்தேக்கம் கூடினால் வடிவது தாமதமாகும், அதற்குள் கரண்டி ஆறிப்போகும். இதோடு சமையலறைச் சுவரும் இருக்கிறது. நாள் முழுக்க அனல் குடித்த சுவர் அவசரமில்லாமல் அதை விட்டுக்கொண்டே இருக்கும். விக்டோரியாவின் இரும்புச் செம்மண்ணில் உள்ள மாகமைட் துகள்கள் அந்தச் சுவர்.

நல்ல காயில் செய்கிறவர்கள் பல மெல்லிய இழைகளை முறுக்கிய லிட்ஸ் கம்பியைத் தட்டையான சுருளாகச் சுற்றுவது தோசைக்கல்லில் சுட்ட இந்தக் கையைச் சீக்கிரம் ஆறவைக்கத்தான். காயில் வாங்கும்போது விட்டத்துக்கு அடுத்தபடி கேட்கவேண்டிய கேள்வி அது. இயற்கைத் தங்கத்தில் வெள்ளி கலந்திருப்பதும் கணக்கில் வரவேண்டும். வெள்ளி தங்கத்தைவிட நன்றாக மின்சாரம் கடத்தும். ஆனால் இரண்டும் கலந்தால் கடத்துதிறன் இரண்டையும்விடக் கீழே இறங்கிவிடும். கட்டி இன்னும் வேகமாக ஆறும்.

வகையைப் பொறுத்தவரை இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். மோனோ காயிலில் ஒரே சுருள் அனுப்பவும் செய்கிறது, கேட்கவும் செய்கிறது. சின்னக் கட்டிக்கு இதன் கூர்மை அதிகம். டபுள்-டி காயிலில் இரண்டு சுருள்கள் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அனுப்புவது கேட்பதில் நேராக விழாதபடி ஈடுகட்டப்பட்டிருக்கும். இரும்பு மிகுந்த மண்ணில் சத்தம் போடாமல் வேலை செய்யும். பெரிய காயிலின் இன்னொரு சங்கடமும் இங்கேதான். அது ஒரே நேரத்தில் அதிக மண்ணைப் பார்க்கிறது. மண்ணே பேசத் தொடங்கினால் தங்கம் பேசுவது கேட்காது.

களத்தில் இதைச் சோதிக்கும் விதம் எளிமையானது. ஹெட்ஃபோனில் ஓயாத மெல்லிய ரீங்காரம். அது லேசாக நெளிந்தால், காயிலைக் குறுக்காக வீசிப் பார்க்கிறார்கள். பூட்ஸ் விளிம்பால் இரண்டு விரல் மண்ணை வழித்துவிட்டு மறுபடியும் வீச்சு. ஒலி மறைந்தால் மண். வலுத்தால் ஏதோ இருக்கிறது. பிளாஸ்டிக் அள்ளியில் மண்ணை எடுத்துக் காயிலின்மேல் காட்டிப் பாதி பாதியாகக் கொட்டிக்கொண்டே வருவார்கள், கடைசிச் சிட்டிகையில் அரிசி நுனியளவு மஞ்சள் நிற்கும்வரை. பெரும்பாலும் நிற்பது துருப்பிடித்த ஆணி அல்லது துப்பாக்கிக் குண்டின் ஈயம்.

வரலாறும் கொஞ்சம் சொல்லவேண்டும். 1881-இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இப்படியொரு கருவியைக் கொண்டுபோனார். குண்டு கிடைக்கவில்லை, மெத்தையின் எஃகுக் கம்பிகள் குழப்பின. 1980-இல் விக்டோரியாவின் கிங்கோவர் அருகே கெவின் ஹில்லியர் டிடெக்டரால் 27 கிலோ கட்டியைக் கண்டெடுத்தார். 2013 ஜனவரியில் பல்லாரட் அருகே 60 செ.மீ. ஆழத்தில் 5.5 கிலோ கட்டி கிடைத்தது. பரபரப்பான செய்தியாவது இத்தகைய அண்டாக்கள்தான். 60 செ.மீ. ஆழத்து அண்டாவுக்குப் பெரிய காயில் நியாயமானது. ஆனால் வாரக்கடைசியில் போகிறவருக்குக் கிடைக்கக்கூடியது ஒரு கிராமுக்கும் குறைந்த கட்டி. அதற்கு 20, 25 செ.மீ. மோனோ, தரையை உரசும் மெதுவான வீச்சு, ஒரு வீச்சின்மேல் பாதி விழும்படி அடுத்த வீச்சு. கனமான காயிலை மதியத்துக்குமேல் யாரும் தரையை ஒட்டிப் பிடிப்பதில்லை. அது 5 செ.மீ. உயர்ந்தால் அந்த 5 செ.மீ. ஆழம் போயிற்று.

இதே கருவியைத் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக இறங்கிய கோலாரில் வீசலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 2001-இல் மூடிய அந்தச் சுரங்கங்களின் கழிவு மேடுகளில் எஞ்சியிருப்பது கட்டியல்ல, அரைத்த குவார்ட்ஸில் கலந்த துகள். 0.05 மி.மீ. துகளுக்குக் கணக்குப் போட்டால் ஆறும் நேரம் ஏறக்குறைய 3 நானோ வினாடி. கருவி காது கொடுக்கும் 10 மைக்ரோ வினாடிக்கு மூவாயிரம் மடங்கு முன்பே அது ஆறிவிடுகிறது. சின்னதோ பெரியதோ, எந்தக் காயிலுக்கும் அந்த மேட்டில் கேட்பதற்கு ஒன்றுமில்லை. அந்தத் தங்கத்தைப் பிரிக்க ரசாயனம்தான் வேண்டும்.