திண்ணையிலிருந்து ஆடுகளத்திற்கு



"இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா இந்த வேலை? பேசாம உட்காருங்க." நம் இல்லங்களில் அன்பின் மிகுதியால் பிள்ளைகள் சொல்லும் சொற்கள் இவை. கீழக்குயில்குடியில் சமணர் மலையடிவாரத்து மர நிழலிலும் வீட்டுத் திண்ணைகளிலும் பொழுதைக் கழிக்கும் முதியோர் பலர், ஒரு காலத்தில் சடுகுடு ஆடியவர்கள். இளவட்டக் கல்லைத் தோளுக்கு ஏற்றியவர்கள். இன்று அவர்களுக்கு எஞ்சியிருப்பது பார்வையாளர் இடம் மட்டுமே. இது முறைதானா என்பதைச் சற்றே சிந்திப்போம்.

பச்சைப் பெஞ்சுகளின் நகரம்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்றொரு கடற்கரை நகரம் உண்டு. குளிருக்கு அஞ்சி வடக்கிலிருந்து வந்து தங்கும் ஓய்வு பெற்றோர் அங்கு மிகுதி. அவர்கள் அமர்வதற்கென வீதியோரங்களில் போடப்பட்டிருந்த பச்சை நிறப் பெஞ்சுகளால் அந்நகரம் ஒரு காலத்தில் புகழ் பெற்றிருந்தது. நம் ஊர்த் திண்ணைக்கு அதை ஒப்பிடலாம்.

அப்பெஞ்சுகளின் நகரில்தான் 1930-ஆம் ஆண்டில் முதியோர் சாஃப்ட்பால் கழகம் ஒன்று தோன்றியது. அதைத் தொடங்கி வைத்தவர் ஈவ்லின் ரிட்டன்ஹவுஸ் என்னும் பெண்மணி. கழகத்தில் சேர விதிக்கப்பட்ட தகுதி வியப்பிற்குரியது: எழுபத்தைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும்! 'கிட்ஸ்', 'கப்ஸ்' என இரு அணிகள். அதாவது பிள்ளைகள், குட்டிகள். வெள்ளுடையும் கழுத்தில் கறுப்பு 'போ' டையும் அணிந்து ஆடிய இவர்களைக் காண மக்கள் திரண்டனர். நூறு வயதை எட்டியவர்களும் அக்களத்தில் மட்டை பிடித்ததுண்டு.

கையுறையில் பிறந்த ஆட்டம்

சாஃப்ட்பால் என்பது பேஸ்பால் ஆட்டத்தின் தம்பி எனலாம். 1887-இல் சிகாகோ நகரில் ஒரு படகுக் கழகத்தின் கூடத்தில் இது பிறந்தது. இளைஞர்கள் விளையாட்டாக ஒரு குத்துச்சண்டைக் கையுறையைக் கோலால் அடித்துக்கொண்டிருந்தனர். அதைக் கண்ட ஜார்ஜ் ஹான்காக் என்பவர், கையுறையைப் பந்து போல் கட்டி, கூடத்திற்குள் ஆடும் ஆட்டம் ஒன்றை வகுத்தார். 1926-இல் அதற்கு 'சாஃப்ட்பால்' எனப் பெயர் சூட்டிய வால்டர் ஹாக்கன்சன், ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தைச் சேர்ந்தவர். 1920-இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியதும் இதே இயக்கம் அன்றோ!

வளர்ச்சியும் விதிகளும்

1988-இல் அமெரிக்காவில் முதியோர் சாஃப்ட்பாலுக்கெனத் தேசிய அளவில் ஓர் அமைப்பு எழுந்தது. ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது என ஐந்தைந்து ஆண்டுகளாக வகுப்புகள் பிரிக்கப்பட்டு, எண்பது வயதைக் கடந்தோர்க்கும் போட்டிகள் நடைபெறுகின்றன.

இவ்வளர்ச்சிக்குத் துணை நின்றவை விதிகளே. பந்தைத் தாழ்கையாக, 6 முதல் 12 அடி உயரம் வரை வளைந்து வரும்படி மெதுவாக வீச வேண்டும். ஓடுபவரும் பந்து பிடிப்பவரும் மோதி விழாதிருக்க, முதல் தளத்தில் இருவருக்கும் தனித்தனித் தட்டுகள். இறுதித் தளத்திலும் அவ்வாறே. பந்தை அடித்துத் தளம் சேர்ந்தபின் ஓட இயலாதவருக்காக வேறொருவர் ஓடலாம். முதியவரை விலக்காமல் ஆட்டத்தை அவருக்கேற்ப மாற்றினர். இதுவே நாம் கற்க வேண்டிய பாடம்.

நம் நாட்டிலும்

நம் நாட்டு முதியோரும் பின்தங்கியவர் அல்லர். சண்டிகரைச் சேர்ந்த மான் கௌர் அம்மையார் 93-ஆம் வயதில் ஓடத் தொடங்கி, 2017-இல் ஆக்லாந்து உலக மூத்தோர் விளையாட்டில் 101-ஆம் வயதில் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 2021-இல் மறையும்வரை பலருக்கு ஊக்கமாய் விளங்கினார்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர். அறுபத்தைந்தைக் கடந்தவர்களும் வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும். வாரம் மூன்று நாளாவது உடற்சமநிலைக்கும் வலிமைக்கும் உரிய பயிற்சி செய்ய வேண்டும் என 2020-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. முதுமையில் வீழ்ச்சியைத் தடுப்பது இப்பயிற்சியே. "பேசாம உட்காருங்க" என்னும் அன்பு மொழி கால்களின் வலுவைக் குறைக்கிறது. "நான் யாருக்கும் வேண்டாதவன்" என்னும் எண்ணத்தையும் நெஞ்சில் விதைத்துவிடுகிறது.

நாம் செய்யக்கூடியது

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வெயில் ஏறுமுன் ஊர்த் திடலில் அரைமணி நேரம், ஒரு துணிப்பந்து, எடை குறைந்த மட்டை, ஓடுவதற்குப் பேரப்பிள்ளைகள். மருத்துவரின் ஆலோசனை பெற்றுத் தொடங்குதல் நலம். அடிப்பவர் தாத்தா, ஓடுபவர் பேரன் என்றால் அதைவிட இனிய குடும்ப விளையாட்டு வேறெது? பாட்டிமார்க்கும் அதில் இடம் வேண்டும்.

பெற்றோரை உட்கார வைத்துச் சோறிடுவது மட்டுமே கடமை என எண்ணியிருப்போர், இன்று மாலை அவர்களை ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "சின்ன வயசுல என்ன விளையாடினீங்க?" விடை நீண்டதாயிருக்கும். பொறுமையாய்க் கேளுங்கள், மறுநாள் காலையில் கைப்பிடித்துத் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள்.