பிரஷர் வாஷர் வாங்குமுன் ஒரு பெருக்கல் கணக்கு

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்த பின்னும் எங்கள் வீட்டுப் பின்கட்டு முற்றம் காயவில்லை. கடப்பைக் கல் பாவிய தரை. அதன்மேல் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் பாசி. ஒரு நாள் காலை துணி உலர்த்தப் போன என் அம்மா அதில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. ப்ளீச்சிங் பவுடர் தூவி, தென்னந்துடைப்பத்தால் முடிந்தமட்டும் தேய்த்துப் பார்த்தோம். கல்லின் சொரசொரப்பில் ஒட்டியிருந்த பாசி போவேனா என்றது. அதன் பிறகுதான் மின்சாரத்தில் இயங்கும் ‘பிரஷர் வாஷர்’ ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தோம்.

இந்தக் கருவி உங்களுக்குப் புதியதன்று. மோட்டார் சைக்கிளுக்கு ‘வாட்டர் சர்வீஸ்’ செய்யும் கடைகளில் துப்பாக்கி போன்ற ஒரு கைப்பிடியிலிருந்து நீர் சீறிப் பாய்ந்து, சக்கரத்தில் அப்பியிருக்கும் சேற்றை உரித்தெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இருப்பது பெரிய அளவு. வீட்டு உபயோகத்திற்கென ஒரு கையால் தூக்கக்கூடிய சிறிய கருவிகள் இப்போது கிடைக்கின்றன.

கடையில் எங்கள் முன் இரண்டு பெட்டிகள் வைக்கப்பட்டன. முதல் பெட்டியில், “150 பார் அழுத்தம், நிமிடத்திற்கு 8 லிட்டர், 1400 வாட்” என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. இரண்டாவதில், “இயக்க அழுத்தம் 90 பார், நிமிடத்திற்கு 5.5 லிட்டர், 1400 வாட்” என்று பொடி எழுத்தில் இருந்தது. இரண்டாவதன் விலையோ சற்று அதிகம். “இதுல 150 இருக்கு, அதுல 90தான். விலையும் இது கம்மி. யோசிக்கவே வேண்டாம் சார்” என்றார் கடைக்காரர். பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஒரு துண்டுச் சீட்டை வாங்கி ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு, “அப்பா, இது வராதே!” என்றாள்.

அவள் போட்ட கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம்.

அழுத்தம் என்பது ஓரலகுப் பரப்பின் மீது செயல்படும் விசை. அதன் அலகு பாஸ்கல், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நியூட்டன். ஒரு பார் என்பது ஒரு லட்சம் பாஸ்கல். ஏறத்தாழ நம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டலத்தின் அழுத்தம். இப்போது அழுத்தத்தைக் கன அளவால் பெருக்குங்கள். நியூட்டன்/சதுர மீட்டர் × கன மீட்டர் = நியூட்டன்-மீட்டர். இது வேலையின் அலகாகிய ஜூல் அல்லவா? ஆகவே, ஒரு லிட்டர் நீரை ஒரு பார் அழுத்தத்திற்கு எதிராகத் தள்ளச் செய்யவேண்டிய வேலை 1,00,000 × 0.001 = 100 ஜூல். 

முதல் பெட்டி சொல்வது மெய்யானால், அக்கருவி ஒரு நிமிடத்தில் செய்யும் வேலை 150 × 8 × 100 = 1,20,000 ஜூல். இதை 60 வினாடிகளால் வகுத்தால் 2000 வாட் வருகிறது. ஆனால் மின்சாரத்திலிருந்து கருவி எடுத்துக்கொள்வதோ 1400 வாட்தான்! 1400 வாட்டை வாங்கிக்கொண்டு 2000 வாட்டைத் திருப்பித் தரும் எந்திரம் இவ்வுலகில் இல்லை. ஆற்றல் அழியா விதி கடைத்தெருவிலும் செல்லும்.

அப்படியானால் பெட்டியில் உள்ளது பொய்யா? பொய் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. சைக்கிள் சங்கிலி இறுகிக்கொண்டால் பெடலை மிதிக்கும் விசை உச்சத்திலிருக்கும், வேகம் சுழி. ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தை அந்தரத்தில் சுற்றினால் வேகம் உச்சம், விசை அற்பம். இரண்டு உச்சங்களையும் எழுதிவைத்து, “இந்தச் சைக்கிளின் விசை இவ்வளவு, வேகம் இவ்வளவு” என்று விற்றால் எப்படி இருக்கும்? 150 பார் என்பது நீர் வெளியேற வழியின்றித் தடுக்கப்படும்போது ஒரு கணம் எட்டுகின்ற அழுத்தமாக இருக்கலாம். 8 லிட்டர் என்பது தடையே இல்லாமல் நீர் ஓடும்போது கிடைப்பதாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்து உங்கள் முற்றத்திற்கு வாரா.

இரண்டாவது பெட்டிக்கு வருவோம். 90 × 5.5 × 100 ÷ 60 = 825 வாட். செலவாகும் மின்திறனில் இது 59 விழுக்காடு. எஞ்சியது மோட்டார்ச் சுருளிலும், பம்பின் உராய்விலும், இரைச்சலிலும் போய்விடுகிறது. இது நம்பத்தக்க எண். பெருக்கி வந்த விடை மின்திறனில் முக்கால் பங்கைத் தாண்டினால், பெட்டியிலுள்ள எண்கள் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல என்று கொள்வது நான் கைக்கொள்ளும் வழக்கம். சில பெட்டிகளில் பாருக்குப் பதில் பி.எஸ்.ஐ. என்னும் அலகு இருக்கும். ஒரு பார் 14.5 பி.எஸ்.ஐ. ஆகும். 1450 என்ற எண்ணைக் கண்டு மலைத்துவிடாதீர்கள். அது 100 பார்தான்.

இனி, 90 பார் என்பது எத்தகைய அழுத்தம்? கடலில் 900 மீட்டர் ஆழத்தில் நீரால் ஏற்படும் அழுத்தம் அது. அத்தனை அழுத்தமுள்ள நீரை ஒரு கைப்பிடியில் எப்படிப் பிடித்துக்கொண்டு நிற்க முடிகிறது? விடை, நாசில் எனப்படும் முனையிலுள்ள துளையில் இருக்கிறது. துளையிலிருந்து வெளிவரும் நீரின் திசைவேகத்தைப் பெர்னூலி தேற்றத்தைக் கொண்டு கணக்கிடலாம். அழுத்தத்தை இரண்டால் பெருக்கி, நீரின் அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் காணவேண்டும். 90 பாருக்கு வினாடிக்கு 134 மீட்டர், அதாவது மணிக்கு 480 கி.மீ.க்கும் மேல் வருகிறது! இந்த வேகத்தில் நிமிடத்திற்கு 5.5 லிட்டர் மட்டுமே வெளியேற வேண்டுமானால் துளையின் விட்டம் ஏறத்தாழ 0.93 மி.மீ. இருக்கவேண்டும். ஒரு குண்டூசி நுழையும் அளவு. நீரின் உந்தம் மாறும் வீதத்தைக் கணக்கிட்டால் கைப்பிடியைப் பின்னோக்கித் தள்ளும் விசை 12 நியூட்டன்தான் என்று தெரியும். ஒன்றேகால் கிலோ எடையைத் தாங்குவது போன்றது. கைக்குப் பெரிய பாரமன்று.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு செய்தி உண்டு. பம்பு நீரைத் தள்ள மட்டுமே செய்கிறது. அதனுள்ளே பெரும்பாலும் மூன்று சிறு பிஸ்டன்கள் மாறி மாறி இயங்குகின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பிட்ட அளவு நீரைத் தள்ளுகின்றன. அந்நீர் குறுகிய துளைவழியே போய்த் தீரவேண்டியிருப்பதால்தான் அழுத்தம் உண்டாகிறது. மணல் கலந்த நீரால் அந்த 0.93 மி.மீ. துளை அரிக்கப்பட்டு 1.1 மி.மீ. ஆகிவிட்டது எனக் கொள்வோம். கண்ணுக்குப் புலப்படாத மாற்றம். ஆனால் துளையின் பரப்பு 1.4 மடங்காகிறது, நீரின் வேகம் 1.4 மடங்கு குறைகிறது. அழுத்தம் வேகத்தின் இருமடியைச் சார்ந்ததால் பாதியாகிவிடுகிறது! “மெஷின் வீணாய்ப் போச்சு” என்று பலர் ஒதுக்கிவைக்கும் கருவிக்கு வேண்டியது ஒரு புதிய நாசிலாக இருக்கலாம். ஆகவே வாங்கும்போதே நாசில் தனியாகக் கிடைக்குமா, நீர் நுழையும் இடத்தில் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

ஜெர்மனியின் கெர்ஷர் நிறுவனம் 1950இல் வெந்நீரைப் பீச்சும் உயர் அழுத்தக் கழுவி ஒன்றை உருவாக்கியது. கையில் தூக்கிச் செல்லக்கூடிய வீட்டுக் கருவியை அதே நிறுவனம் 1984இல் கொண்டுவந்தது. 2005இல் அமெரிக்காவின் ரஷ்மோர் மலையில் செதுக்கியுள்ள குடியரசுத் தலைவர்களின் முகங்களில் படிந்திருந்த பாசியையும் காளானையும் அகற்றியது இவ்வகைக் கருவிதான்.

எங்கள் முற்றத்திற்குத் திரும்புவோம். இரண்டாவது பெட்டியை வாங்கி வந்து, குழாயில் பொருத்தி, சுவிட்சைப் போட்டேன். நீர் சீறவில்லை, விட்டு விட்டுத் துப்பியது. பம்பிலிருந்து கூழாங்கற்களைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது போன்ற ஓசை. உடனே நிறுத்திவிட்டேன். கல்லூரியில் ஆண்டுதோறும் பாய்ம இயக்கவியல் நடத்துகிறவன் செய்திருக்கக்கூடாத பிழை அது! மாடித் தொட்டி எங்கள் குழாயிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் உள்ளது. அது தரும் அழுத்தம் 0.4 பார். அரை அங்குலக் குழாயின் உட்புறத்திலோ பல ஆண்டு உப்புப் படிவு. 10 லிட்டர் வாளியை வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நிரம்ப 2 நிமிடம் 40 வினாடி ஆயிற்று. நிமிடத்திற்கு 3.75 லிட்டர்! பம்பு கேட்பதோ 5.5 லிட்டர். போதிய நீர் வராதபோது பம்பின் உள்ளே அழுத்தம் மிகவும் தாழ்ந்து, நீரில் ஆவிக் குமிழிகள் தோன்றுகின்றன. அழுத்தம் கூடியதும் அவை நொறுங்குகின்றன. அந்த நொறுங்கலே நான் கேட்ட ஓசை. நாளடைவில் அது உலோகத்தையே அரித்துவிடும்.

கடைக்குப் போகுமுன் இந்த வாளிச் சோதனையைச் செய்திருக்க வேண்டும். நல்லவேளையாக, எங்கள் கருவி தானே நீரை உறிஞ்சக்கூடியது என்று கையேட்டில் இருந்தது. பிளாஸ்டிக் டிரம் ஒன்றை நிரப்பி, குட்டையான, பருத்த குழாய் வழியே இணைத்தோம். ஓசை அடங்கியது, நீர் சீறியது. மாடித் தொட்டியை நம்பியுள்ள வீட்டினர், உறிஞ்சும் வசதி உண்டா என்று பார்க்காமல் பணத்தைக் கொடுக்கவேண்டாம்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1400 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 6.1 ஆம்பியர். நம் வீடுகளில் விளக்கு, மின்விசிறிச் சுவிட்சுகளுக்கு அருகிலுள்ள சிறிய பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. எனவே, கிரைண்டர், வாட்டர் ஹீட்டர் முதலியவற்றிற்குரிய 16 ஆம்பியர் பாயிண்ட்டிலேயே இணைக்கவேண்டும். ‘எக்ஸ்டென்ஷன்’ கம்பியைக் கூடியவரை தவிர்க்கவும். 0.75 சதுர மி.மீ. தாமிரக் கம்பி 20 மீட்டர் நீளமிருந்தால், போகவும் வரவுமாக 40 மீட்டர், மின்தடை 0.9 ஓம். அதில் 34 வாட் வெப்பமாக மாறும். கம்பியைச் சுருட்டியபடியே வைத்துப் பயன்படுத்தினால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றி மேலுறை உருகிவிடலாம்.

ஈரத் தரையில், ஈரக் கையால் இயக்கும் கருவி இது. எர்த் இணைப்பு சரியாக இருக்கவேண்டும். அத்துடன் எலக்ட்ரீஷியன்கள் ஆர்.சி.சி.பி. என்று சொல்லும் காப்புச் சாதனம் வீட்டு மெயினில் இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் வகைதான் வேண்டும். இல்லையென்றால், முதலில் அதற்குச் செலவழியுங்கள். பாசி ஒரு மாதம் காத்திருக்கும்.

மோட்டார்களில் இரு வகை. மிக்ஸியில் இருப்பது போன்ற கார்பன் பிரஷ் மோட்டார் இலேசானது, மலிவானது, காது கிழியும் இரைச்சலுடையது. வெட் கிரைண்டரில் உள்ளது போன்ற தூண்டல் மோட்டார் கனமானது, விலை கூடியது, நீண்டகாலம் உழைப்பது. மாதம் ஓரிரு முறை அரைமணி நேரம் பயன்படுத்துகிறவர்களுக்கு முன்னதே போதும். ஒரேயொரு மோட்டார் சைக்கிளைக் கழுவுவதற்கு மட்டும்தான் வேண்டுமென்றால் எதுவுமே வேண்டாம் என்பேன். ஒரு வாளி நீரும் பழந்துணியும் போதும். சக்கர பேரிங், சங்கிலி ஆகியவற்றிலுள்ள கிரீசை இந்த நீர் வெளுத்துவிடும் என்பது வேறு.

நீர் விசிறிபோல் விரிந்து பாய்வதற்கு 15, 25, 40 டிகிரி நாசில்கள் உண்டு. 25 டிகிரி நாசிலை 20 செ.மீ. தொலைவில் பிடித்தால் 9 செ.மீ. அகலப் பட்டையைக் கழுவும், 40 செ.மீ.யில் 18 செ.மீ. அகலம். அதே விசை இருமடங்கு அகலத்தில் பரவுவதால் அழுக்கின்மேல் விழும் தாக்கம் தணிகிறது. விரியாமல் ஒரே கோடாகப் பாயும் 0 டிகிரி முனையை நான் ஆவலில் கல்லருகே பிடித்தேன். பாசி போயிற்று, கல்லிடுக்கில் இருந்த சிமென்ட் பூச்சும் ஒன்றரை அடி நீளத்திற்குப் பெயர்ந்து போயிற்று. கொத்தனாரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

சிமென்டைப் பெயர்க்கும் நீர் தோலை விட்டுவைக்குமா? இந்தக் கருவியின் உண்மையான ஆபத்து அதுதான். குண்டூசித் துளையிலிருந்து வரும் நீர் விரலில் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே அழுக்கையும் கிருமியையும் செலுத்திவிடும். வெளியே தெரிவது எறும்பு கடித்தாற்போன்ற ஒரு புள்ளி. உள்ளே தசையும் நரம்பும் கெடத் தொடங்கியிருக்கும். வலியில்லை என்று இருந்துவிடாமல் அப்போதே மருத்துவமனைக்குப் போகவேண்டும்; சாதாரணக் கீறல் அன்று, உயர் அழுத்த நீர் புகுந்த காயம் என்று மருத்துவரிடம் சொல்லவும் வேண்டும். விளையாட்டுக்குக்கூட எவரை நோக்கியும், நாயை நோக்கியும் கைப்பிடியை நீட்டாதீர்கள். செருப்புக்கால் சேற்றைக் கழுவக் காலருகே பிடிக்காதீர்கள். ஷூவும் கண்ணாடியும் அணிந்தே இயக்குங்கள்.

முற்றத்தைக் கழுவி முடிக்க 40 நிமிடம் ஆயிற்று; நீர்ச் செலவு 220 லிட்டர். கடப்பைக் கல்லின் கருநிறத்தை நான் பார்த்தே பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கட்டுப் போட்ட கையுடன் அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின், சுவரைப் பார்த்துக் கைப்பிடியின் விசையை ஒரு முறை அழுத்தினேன். புஸ்ஸென்று கொஞ்சம் நீர் பீச்சி அடங்கியது. அழுத்தத்தால் விரிந்திருந்த ரப்பர்க் குழாய் சுருங்கியபோது வெளியே தள்ளிய நீர் அது. மின்சாரம் இல்லாமலும் அந்த முதல் வீச்சு விரலைக் காயப்படுத்தும். ஆதலால் ஒவ்வொரு முறையும் இப்படி வெளியேற்றிவிட்டுத்தான் நாசிலைக் கழற்றவேண்டும்.

“கரண்டைப் பிடுங்கின பிறகும் அதுக்கு உயிர் இருக்கா?” என்றார் அம்மா.

“இனி இல்லை பாட்டி” என்று சொல்லிவிட்டு என் மகள் குழாயைச் சுருட்டத் தொடங்கினாள்.