புகையில்லாத புகை

ஒரு தலைமுறைக்கு முன்பு, மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஒரு பிள்ளை இரகசியமாகச் சிகரெட் பிடித்தால், அது வீட்டிலுள்ள பெரியவர்களுக்குத் தெரியாமல் போவது அரிது. சட்டையில் நாற்றம் இருக்கும். விரலில் கறை இருக்கும். ஏலக்காயை மென்றுகொண்டு அவசரமாக உள்ளே நுழையும் தோரணையே அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். இப்பொழுது வந்திருக்கும் வஸ்துவுக்கோ இந்த அடையாளங்கள் ஒன்றுமில்லை. பார்வைக்குப் பேனா போலவோ, கம்ப்யூட்டரில் செருகும் 'பென் டிரைவ்' போலவோ இருக்கிறது. வாசனையோ மாம்பழம், தர்ப்பூசணி, புதினா! மேஜைமேல் கிடந்தால் தாயாரே அதைத் தூசி தட்டிப் பிள்ளையின் பையில் பத்திரமாக வைத்துவிடுவாள்.

இதற்கு 'இ-சிகரெட்' என்றும் 'வேப்' என்றும் பெயர். உள்ளே உள்ள திரவம் தீர்ந்ததும் எறிந்துவிடும்படி செய்யப்பட்டதே 'டிஸ்போஸபிள் வேப்'. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பவர்களிடம் பெற்றோர்கள் இதைப் பற்றிப் பல சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவற்றுள் முக்கியமானவற்றுக்கு இங்கே விடை கூற முயலுகிறோம்.

"வெறும் நீராவிதானே? இதில் என்ன கெடுதல்?"

நீராவி என்று நம்புவதுதான் முதல் ஏமாற்றம். கருவிக்குள் ஒரு லிதியம் பாட்டரி, ஒரு சிறு கம்பிச் சுருள், திரவத்தில் நனைந்த பஞ்சு ஆகிய மூன்றும் உள்ளன. வாயில் வைத்து இழுத்தவுடன் கம்பி சூடேறித் திரவத்தை நுண்ணிய துளிகளாக மாற்றுகிறது. அந்தத் திரவம் தண்ணீர் அல்ல. புரொபிலின் கிளைக்கால், கிளிசரின், வாசனைச் சரக்குகள், இவற்றோடு பெரும்பாலும் நிகோடின். சூடேறும்பொழுது பார்மால்டிஹைடு போன்ற நச்சுப் பொருள்கள் உண்டாவதையும், கம்பியிலிருந்து நிக்கல் முதலிய உலோகத் துகள்கள் கலப்பதையும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள்.

"வாசனைச் சரக்குகள் தின்பண்டத்தில் சேர்ப்பவைதானே?" என்று சிலர் வாதிக்கலாம். நல்லெண்ணெயை மிளகாய்ப் பொடியில் குழைத்து இட்லியோடு சாப்பிடுகிறோம். அதையே மூச்சில் இழுத்து நுரையீரலில் இறக்குவோமா? வயிற்றுக்கு ஏற்றதெல்லாம் நுரையீரலுக்கு ஏற்றதாகாது. 2019-ஆம் வருஷம் அமெரிக்காவில் இந்த உண்மை மிகவும் கொடூரமாக வெளிப்பட்டது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் நுரையீரல் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்ததாகவும், 68 பேர் மாண்டதாகவும் அந்நாட்டுச் சர்க்கார் கணக்கிட்டது. கஞ்சாச் சத்துக் கலந்த திரவங்களில் சேர்த்திருந்த 'வைட்டமின் ஈ அசிடேட்' என்ற எண்ணெயே பெரும்பாலும் காரணம் என்று தெரிந்தது. தோலில் பூசுவதற்கு அது சாதுவான பொருள்தான்!

"நிகோடின் சிகரெட்டிலும் உண்டே?"

உண்டு. ஆனால் சிகரெட்டின் முதல் இழுப்பு தொண்டையைக் கமறச் செய்து, பல பிள்ளைகளை அன்றோடு விரட்டிவிடும். வேப் திரவத்தில் ஓர் அமிலத்தைச் சேர்த்து அந்தக் கமறலை அடக்கிவிட்டார்கள். அதனால் பழக்கமில்லாத சிறுவனும் நிறைய இழுக்க முடிகிறது. ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் சேரும் நிகோடின் சுமார் 1 முதல் 2 மில்லிகிராம். மில்லி லிட்டருக்கு 50 மில்லிகிராம் வீதம் 10 மில்லி லிட்டர் திரவம் கொண்ட கருவியில் இருப்பதோ 500 மில்லிகிராம். அது முழுவதும் உடம்பில் ஏறாது என்பது வாஸ்தவம். ஆயினும் சிகரெட் ஒரு முடிவுக்கு வந்து அணைகிறது, இது அணைவதில்லை. மூளை ஏறக்குறைய 25 வயது வரையில் வளர்ச்சி பெறுகிறது. அதற்கு முன் நிகோடின் புகுந்தால், கவனமும் ஞாபக சக்தியும் கெடுவதோடு, பழக்கம் உறுதியாக வேரூன்றிவிடுகிறது.

"சட்டம் என்ன சொல்கிறது?"

தமிழ்நாட்டு அரசு 2018-லேயே இதைத் தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பித்து, அதே வருஷம் டிசம்பரில் பார்லிமெண்டில் முறையான சட்டமாக்கியது. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, வினியோகம், சேமித்து வைத்தல், விளம்பரம் ஆகிய அனைத்தும் குற்றம். முதல் தடவை ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் மூன்று வருஷம் வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு. சேமித்து வைப்பதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'நிகோடின் இல்லை' என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும் தப்ப முடியாது. இரண்டு வகையும் சட்டத்துக்குள் அடங்கியவையே.

அந்தப் பட்டியலில் 'உபயோகித்தல்' என்ற சொல் இல்லை என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் எடுத்துக் காட்டுவதுண்டு. உண்மைதான். ஆனால் நண்பனுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால் அது வினியோகம். அயல் நாட்டிலிருந்து பெட்டியில் கொண்டு வந்தால் இறக்குமதி. அலமாரியில் அடுக்கி வைத்தால் சேமிப்பு. சிங்கப்பூரிலோ வைத்திருப்பதும் இழுப்பதுமே குற்றம். அங்கே உறவினரைப் பார்க்கச் செல்லும் குடும்பத்தார் இதை மனத்தில் கொள்வது நலம்.

"பெட்டிக் கடையில் சிகரெட் விற்கும்போது இதை மட்டும் தடுப்பது நியாயமா? இங்கிலாந்தில் டாக்டர்களே இதைச் சிபாரிசு செய்கிறார்களாமே?"

நியாயமான கேள்வி. நெடுநாள் சிகரெட் பிடித்த பெரியவர்கள் அதை விடுவதற்கு இங்கிலாந்தில் வேப்பைச் சிபாரிசு செய்வது உண்மையே. எரியும் புகையிலையைவிட இதில் நஞ்சு குறைவு என்பதும் உண்மையே. ஆனால் ஒரு நாளும் புகைத்திராத பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த ஒப்பீடு எவ்விதத்தில் பொருந்தும்? அவன் சிகரெட்டிலிருந்து இதற்கு இறங்கி வரவில்லை. ஒன்றுமில்லாத நிலையிலிருந்து இதில் வந்து விழுகிறான். அந்த இங்கிலாந்தே 2025 ஜூன் முதல் தேதியிலிருந்து, எறிந்துவிடும் வகை வேப் விற்பனையைத் தடுத்துவிட்டது. நமது தேசத்தில் 2016-17-ல் எடுத்த கணக்கின்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்கு 28.6 பேர் ஏதோ ஒரு விதத்தில் புகையிலையை உபயோகித்தார்கள். ஒரு சனியன் வீட்டுக்குள் இருப்பது, இரண்டாவது சனியனுக்கு வாசலைத் திறந்துவிடக் காரணமாகாது.

"பிள்ளையின் பையில் அகப்பட்டால் என்ன செய்வது?"

இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. அடித்து உதைப்பதால் பிள்ளை பழக்கத்தை விடமாட்டான். ஒளிக்கும் இடத்தைத்தான் மாற்றுவான். "போலீஸில் ஒப்படைத்துவிடுவேன்" என்று பயமுறுத்தினால், நாளைக்கு நெஞ்சு வலித்து மூச்சுத் திணறினாலும் வாய் திறக்க மாட்டான். வைத்தியருக்கு அந்த உண்மை மிகவும் அவசியமான சமயத்தில் அது வெளிவராமற் போனால், நஷ்டம் யாருக்கு?

ஆகவே, முதலில் நிதானமாகக் கேட்க வேண்டும்: எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா? எழுந்ததும் தேவைப்பட்டால், அது விளையாட்டு என்ற நிலையைக் கடந்து வியாதியாகிவிட்டது என்று அறியலாம். விட்ட முதல் வாரம் கோபமும், தூக்கமின்மையும், பாடத்தில் மனம் செல்லாமையும் இருக்கும். சில வாரங்களில் தணியும். பரீட்சைக் காலத்தில் இந்தக் கோபத்தைத் திமிர் என்று எண்ணித் தண்டித்துவிடக் கூடாது. உதவிக்கு 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் உண்டு, கட்டணம் கிடையாது. புகையிலைப் பழக்கத்தை விடுவிக்க 2002-ல் நாட்டில் முதன்முதலாக ஏற்பட்ட சிகிச்சை நிலையங்களில் ஒன்று, டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தோன்றிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் அமைந்தது. பிறகு, அகப்பட்ட கருவியைக் குப்பைத் தொட்டியில் எறிய வேண்டாம். பாட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும்.

சட்டம் கடைக்காரனைப் பிடிக்கும். சுங்க அதிகாரி பெட்டியைச் சோதிப்பார். வீட்டுக்குள் நடப்பதை அறியப் பெற்றோரைத் தவிர யாருமில்லை. பழைய சிகரெட்டை மூக்கினால் கண்டுபிடித்தோம். புகையில்லாத இந்தப் புகையைப் பிள்ளையின் வாய்மொழியால்தான் அறிய முடியும். அவன் அஞ்சாமல் வந்து சொல்லக்கூடிய வீடாக நம் வீடு இருக்க வேண்டும்.