பரணில் கிடைத்த பெயரில்லாத் துப்பாக்கி

பழைய வீட்டை இடிப்பதற்கு முன் பரணைக் காலி செய்கிறார்கள். பித்தளை அண்டா, கிழிந்த ஜமக்காளம், யாருடையது என்று தெரியாத டிரங்குப் பெட்டி. இவற்றுக்கு நடுவே கோணியில் சுற்றிய நீளமான சாமான் ஒன்று. பிரித்தால் துருவேறிய துப்பாக்கி. தாத்தா காட்டுப்பன்றி விரட்ட வைத்திருந்தது என்று பெரியம்மா சொல்கிறார். ஒருவர் அதைத் தோளில் சாய்த்து நிற்கிறார், இன்னொருவர் செல்போனில் படம் எடுக்கிறார். "கம்பெனி பேரு இருக்கான்னு பார்ப்போம்" என்று மூன்றாமவர் உப்புத்தாளும் மண்ணெண்ணெயும் எடுத்து வருகிறார். மூன்று பேர் செய்வதும் தவறுதான். ஆனால் சட்டப்படி அதிகம் சிக்கவைக்கக் கூடியது அந்த உப்புத்தாள்.

1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தில் 8-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. துப்பாக்கியில் உள்ள தயாரிப்பாளர் பெயரையோ எண்ணையோ வேறு அடையாளக் குறியையோ யாரும் அழிக்கவோ மாற்றவோ போலியாகப் பொறிக்கவோ கூடாது. இதை யாரும் எதிர்பார்ப்பார்கள். அதே பிரிவின் மூன்றாவது உட்பிரிவைத்தான் பலர் அறிவதில்லை. அடையாளம் இல்லாத துப்பாக்கி ஒருவர் கைவசம் இருந்தால், அதை அழித்தவர் அவரே என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. வழக்கமாகக் குற்றத்தை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். இங்கே சுமை தலைகீழாகிறது. தாத்தா காலத்திலேயே அப்படித்தான் இருந்தது என்று வாயால் சொன்னால் போதாது. இந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், இருந்த குறியும் போய், புதிதாகத் தேய்த்த தடமும் சேரும். எண் இல்லையே என்று பட்டறையில் கொடுத்து ஒன்றைப் பொறித்துக்கொள்வது அதைவிட மோசம்.

சட்டத்துக்கு முன்னால் உயிர். குதிரையை இழுத்துப் பார்க்காதீர்கள். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிகளைக் கெட்டித்த நிலையிலேயே தொங்கவிட்டுவிடும் பழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் பல பத்தாண்டுகள் கழித்தும் வெடிக்கும். குழலுக்குள் கம்பி விட்டுக் கிளறுவது, வாயில் கண் வைத்துப் பார்ப்பது, வெயிலில் காயவைப்பது எதுவும் வேண்டாம். மக்கள் நடமாடாத பக்கம் குழல் வாய் இருக்கும்படி கிடத்தி, அறையைப் பூட்டிவிடுங்கள்.

பெயர் தெரியவில்லை என்பதாலேயே அடையாளம் இல்லை என்று ஆகிவிடாது. முன்பக்கக் கட்டையைக் கழற்றிக் குழல்களைப் பிரித்தால், அவற்றின் அடிப்பகுதியில்தான் சோதனை முத்திரைகள் இருக்கும். அளவுக்கு மீறி மருந்து நிரப்பிச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலில் மட்டும் குத்தும் முத்திரை அது. இங்கிலாந்தில் 1813-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இந்த முத்திரை இல்லாமல் குழலை விற்பதே குற்றம். கிரீடத்தின் கீழ் பி.வி., பி.பி. என்ற எழுத்துகள் இருந்தால் பர்மிங்காம் சோதனைச் சாலை. நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகளும் நட்சத்திரமும் இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். அந்த ஊரில் குழல் ஒரு பட்டறை, பூட்டு இன்னொரு பட்டறை, கட்டை வேறொருவர் என்று பிரித்துச் செய்து உலகம் முழுக்க மலிவாக அனுப்பினார்கள். அவற்றில் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் என்று ஒரே பெயரைச் சொல்லவே முடியாது. இந்தியாவுக்கும் அவை நிறைய வந்தன.

பெயர் இருந்தாலும் அது செய்தவருடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பெயர் போன பி.ஆர் அண்ட் சன்ஸ் அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றது. குழலின்மேல் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுச் சென்னையில் செய்த துப்பாக்கி என்று சொல்பவர்கள் உண்டு. அது விற்ற கடையின் பெயர்.

குழலில் 12 என்ற எண் இருந்தால் அது வரிசை எண் அல்ல, துளையின் அளவு. குழலின் துளைக்குச் சரியான ஈயக் குண்டு பன்னிரண்டு செய்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்பது கணக்கு. மில்லிமீட்டரில் சுமார் 18.5. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைத் தாங்கும் என்று சோதித்த குழலில் நைட்ரோ என்ற குறி இருக்கும். அது இல்லாத பழைய குழலில், அதிலும் இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்து வரிவரியாகத் தெரியும் டமாஸ்கஸ் குழலில், புதுத் தோட்டாவைப் போட்டால் குழல் கைக்குள்ளேயே வெடிக்கலாம்.

இதையெல்லாம் நீங்கள் பிரித்துப் பார்க்கச் சொல்லவில்லை. உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரோ காவல் துறையின் ஆயுதப் பிரிவினரோ பார்க்க வேண்டியது. எண் அழிந்திருக்கிறதா, முதலிலிருந்தே இல்லையா என்பதையும் தடய அறிவியல் ஆய்வகத்தில் கண்டுபிடிக்கலாம். எண்ணைக் குத்தும்போது அதன் அடியில் உள்ள உலோகமும் அழுந்திப்போகிறது. மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றி வேதிக் கரைசல் தடவினால், அழுந்திய இடம் வேறுவிதமாக அரிபட்டு எண் மங்கலாக எழும்பி வரும். எதுவும் எழாவிட்டால் அது உங்கள் பக்கத்துச் சாட்சி. வீட்டில் உப்புத்தாள் போட்டிருந்தால் அந்தச் சாட்சியையும் கெடுத்துக்கொள்கிறீர்கள்.

என் கணிப்பில், வீட்டுக்காரர் தேட வேண்டியது இரும்பில் இல்லை, காகிதத்தில். தாத்தாவின் லைசென்ஸ் புத்தகம் கிடைத்தால் அதில் ஒற்றைக் குழலா இரட்டைக் குழலா, வாய்வழி கெட்டிப்பதா தோட்டா போடுவதா, எண் என்ன என்று எழுதியிருக்கும். தேர்தல் சமயத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்ததற்கான ரசீது, தோட்டா வாங்கிய கடைப் பட்டியல், ஆட்சியர் அலுவலகக் கடிதம் எதையும் குப்பையில் போடாதீர்கள். புத்தகமே இல்லையென்றால் தாத்தாவின் பெயர், ஊர், இறந்த ஆண்டு சொல்லி ஆட்சியர் அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்க்கச் சொல்லி எழுத்தில் கேட்கலாம்.

உரிமம் வைத்திருந்தவர் இறந்ததும் அவருடைய உரிமம் வாரிசுக்குத் தானாக வராது. வீடு வரும், நிலம் வரும், துப்பாக்கியை வைத்திருக்கும் அனுமதி வராது. 21-ஆவது பிரிவின்படி வீண் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. பரணில் இருந்ததே தெரியாது என்பது செல்லுபடியாகும் வாதம்தான். வைத்திருப்பது என்றால் அறிந்து வைத்திருப்பது என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த வாதம் கோணியைப் பிரித்த நாள் வரைக்கும்தான். செல்போன் படத்தில் தேதி வேறு பதிவாகியிருக்கும்.

ஒப்படைப்பது என்றால் கோணியோடு பைக்கில் வைத்துக் கிளம்புவது அல்ல. வழியில் சோதனையில் நின்றால் விளக்கம் சொல்ல வேண்டிவரும். முதலில் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள், அல்லது அவர்களையே வரச் சொல்லுங்கள். எந்த நாளில், எங்கே, யார் முன்னிலையில் கிடைத்தது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். குழலின் நீளம், கண்ணுக்குத் தெரியும் குறிகள், குறி இல்லையென்றால் இல்லை என்ற வாசகம் எல்லாம் ரசீதில் ஏற வேண்டும். மலையோர மாவட்டங்களில் நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று காவல் துறை அவ்வப்போது அறிவிப்பதுண்டு. அந்த நேரமென்றால் இன்னும் எளிது.

ஒப்படைத்ததும் உரிமை போய்விட்டது என்று நினைப்பதால்தான் பலர் மறைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குறித்த காலத்துக்குள் உரிமம் பெற்று அதைத் திரும்ப வாங்கலாம், அல்லது உரிமம் உள்ள ஒருவருக்கு விற்கலாம். அடையாளமில்லாத துப்பாக்கியை விற்க மட்டும் 8-ஆவது பிரிவு இடம் தராது. காலத்தைத் தவறவிட்டால் அரசுடைமையாகிவிடும்.

இறந்தவரின் வாரிசுக்கு உரிமம் வழங்க 2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகளில் இடமுண்டு. மாவட்டங்களில் ஆட்சியரிடமும், ஆணையரகம் உள்ள நகரங்களில் காவல் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளுக்கு ஆட்சேபம் இல்லையென்ற கடிதம் கேட்பார்கள். அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லாத வீடுகளில் விண்ணப்பம் இந்தக் கடிதத்திலேயே நின்றுபோகும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ளதையும் சேர்த்து இரண்டு துப்பாக்கிக்கு மேல் ஆகாது, பரம்பரைச் சொத்தானாலும் சரி. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், கேட்டால் தர வேண்டும். பொது நலனுக்கு ஊறு என்று கருதினால் மட்டும் தராமல் இருக்கலாம். மேல்முறையீடும் உண்டு.

சுவரில் அழகுக்கு மாட்டிக்கொள்கிறோம், பழம்பொருள்தானே என்பவர்களுக்கு 45-ஆவது பிரிவு. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான் அங்கே விலக்கு. துருப்பிடித்த குதிரைக்கு எண்ணெய் விட்டால் அசையுமென்றால் விலக்கு இல்லை. கலைப்பொருள் வகைத் துப்பாக்கிகளுக்கு 2020-இல் விதியைத் தளர்த்தினார்கள். உங்களுடையது அந்த வகைதானா என்பதை அதிகாரியிடம் எழுத்தில் வாங்காமல் ஆணி அடிக்க வேண்டாம்.

பரணை இன்னொரு முறை பாருங்கள். துப்பாக்கி இருந்த இடத்தில் தகர டப்பாவில் நாலைந்து தோட்டாவோ கேப்போ கருமருந்தோ இருக்கும். அவற்றுக்கும் உரிமம் வேண்டும். அடுப்பிலோ கிணற்றிலோ போடாமல், தொடாமல் விட்டு, நிலையத்துக்கு எழுதும் அதே கடிதத்தில் அவற்றையும் எண்ணிக்கையோடு குறிப்பிடுங்கள்.