வசனம் மறைத்ததைப் பாட்டு சொன்னது!

(எச்சரிக்கை: ‘தி சோப்ரனோஸ்’, ‘பிரேக்கிங் பேட்’ தொடர்களின் க்ளைமாக்ஸ் இந்தக் கட்டுரையில் வருகிறது. இனிமேல்தான் பார்க்கப்போகிறேன் என்பவர்கள் உஷார்!)

இரவு நேரம். மயாமி நகரின் வெறிச்சோடிய சாலையில் ஒரு கறுப்பு ஃபெராரி கார் ஓடுகிறது. உள்ளே இரண்டு போலீஸ்காரர்கள். போதைப்பொருள் கும்பலின் தலைவனைப் பிடிக்கப் போகிறார்கள். உயிரோடு திரும்புவார்களா என்பதே நிச்சயமில்லை.

இந்த மாதிரி இடத்தில் பின்னணி இசை ‘டமடம’வென்று அலறுவதுதான் வழக்கம். ஆனால், அன்று ஒலித்தது ஃபில் காலின்ஸின் ‘இன் தி ஏர் டுநைட்’. 1981-ல் வெளியாகி, ஏற்கெனவே ஊரெல்லாம் கேட்டிருந்த பாட்டு. மூன்று நிமிடங்களுக்கு மேல் அடங்கி ஒடுங்கிப் போய், பிறகு ட்ரம்ஸ் இடியாக இறங்கும் பாட்டு அது.

வழியில் காரை நிறுத்தி, பொதுத் தொலைபேசியில் தன்னைவிட்டுப் பிரிந்த மனைவியை அழைக்கிறார் க்ராக்கெட். ‘நாம் வாழ்ந்தது நிஜம்தானே?’ என்ற ஒரு சந்தேகம்தான் அவருக்கு. கேட்டுவிட்டு மறுபடி காரில் ஏறிவிடுகிறார். ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைப் பாட்டு சொல்லிவிட்டது.

1984 செப்டம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி சேனலில் ஒளிபரப்பான ‘மயாமி வைஸ்’ தொடரின் முதல் எபிசோடு இது. பிரபலமான பாட்டின் ஒரிஜினல் பதிவையே வாங்கி, காட்சி முழுக்க ஓடவிடுவது அப்போதைய டி.வி-யில் அபூர்வம். காரணம், செலவு. ஒரு பாட்டைப் பயன்படுத்த இரண்டு அனுமதிகள் வேண்டும். பாட்டை எழுதி மெட்டமைத்தவருக்கான உரிமை ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்கான உரிமை இன்னொன்று. இந்தப் பேச்சுவார்த்தைகளைக் கவனிக்கவே இப்போது ‘மியூசிக் சூப்பர்வைசர்’ என்றொரு பொறுப்பு இருக்கிறது.

பாதியில் நின்ற பாட்டு

2007 ஜூன் 10. ஹெச்.பி.ஓ-வில் ‘தி சோப்ரனோஸ்’ தொடரின் கடைசி எபிசோடு. நியூ ஜெர்சியின் தாதா டோனி, குடும்பத்தோடு சாப்பிட ஒரு சாதாரண உணவகத்துக்கு வருகிறார். மேஜையிலேயே ஜூக்பாக்ஸ். பாட்டுகளைப் புரட்டிப் பார்த்து, ‘ஜர்னி’ குழுவின் ‘டோன்ட் ஸ்டாப் பிலீவின்’ பாட்டைப் போடுகிறார். மனைவி வருகிறார். மகன் வருகிறான். மகள் வெளியே காரை பார்க் செய்யத் திணறுகிறாள். கதவு திறக்கும்போதெல்லாம் மணி அடிக்கிறது. டோனி நிமிர்ந்து பார்க்கிறார்.

பாட்டோ, நம்பிக்கையை விடாதே என்கிறது. பார்க்கும் நமக்கோ வயிற்றைப் பிசைகிறது. ஊரையே மிரட்டிய மனிதனால் ஒரு பிளேட் ஆனியன் ரிங்ஸைக்கூட நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை!

மறுபடி மணி. டோனி நிமிர்கிறார். திரை கறுப்பாகிறது. பாட்டு வரியின் நடுவிலேயே அறுபடுகிறது. கடைசியாகக் காதில் விழும் வார்த்தை, ‘ஸ்டாப்’. கேபிள்தான் போய்விட்டது என்று நினைத்துப் பதறினார்கள் பலர்.

பாடகர் ஸ்டீவ் பெர்ரி அனுமதி தர முதலில் தயங்கினார். தன் பாட்டு ஒலிக்க ஒலிக்க ஒரு குடும்பமே சுட்டுக் கொல்லப்படுமோ என்ற பயம். காட்சி என்னவென்று தெரிந்த பிறகே சம்மதித்தார்.

யாருக்கான காதல் பாட்டு?

2013 செப்டம்பர் 29. ‘பிரேக்கிங் பேட்’ முடிவுக்கு வந்த நாள். புற்றுநோய் வந்த வேதியியல் ஆசிரியர் வால்டர் ஒயிட், நீல நிறப் போதைப்பொருள் தயாரிக்கிறார். ‘எல்லாம் குடும்பத்துக்காக’ என்பது அவர் தொடர் முழுக்கச் சொல்லிவந்த சமாதானம். கடைசி எபிசோடில்தான், ‘எனக்காகத்தான் செய்தேன்’ என்று மனைவியிடம் ஒப்புக்கொள்கிறார்.

பிறகு, குண்டடிபட்ட நிலையில் தனியாக ஆய்வுக்கூடத்துக்குள் நடக்கிறார். கருவிகளைத் தடவிப் பார்க்கிறார். ஒலிப்பது ‘பேட்ஃபிங்கர்’ குழுவின் ‘பேபி ப்ளூ’. பிரிந்துபோன பெண்ணை நினைத்து எழுதிய காதல் பாட்டு! அவர் உண்மையில் காதலித்தது எதை என்பது அப்போது நமக்குப் புரிந்துவிடுகிறது.

அன்றிரவு ஆயிரக்கணக்கானோர் அந்தப் பாட்டை இணையத்தில் தேடினார்கள். ஆனால், எழுதிய பீட் ஹாம் அதைப் பார்க்க இல்லை. பீட்டில்ஸின் ‘ஆப்பிள்’ நிறுவனத்துக்காகப் பாடியவர் அவர். உலகமே முணுமுணுத்த ‘வித்தவுட் யூ’ பாட்டை நண்பர் டாம் எவன்ஸோடு சேர்ந்து எழுதியவர். பாட்டுகள் ஓடின, பணம் கைக்கு வரவில்லை. 1975-ல், 28 வயதாக மூன்று நாள் இருக்கும்போது தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1983-ல் எவன்ஸும் அதே வழியில் போனார்.

38 வருடங்கள் கழித்து, ஒரு கதாபாத்திரத்தின் கடைசி நிமிடத்தில் அவர் பாட்டுக்கு மறுபிறவி. அடுத்த முறை க்ரைம் தொடரில் தெரிந்த பாட்டு ஏதாவது வந்தால், ‘பாட்டுதானே’ என்று ஓட்டிவிடாதீர்கள். குற்றவாளியின் வாக்குமூலம் அதற்குள் இருக்கலாம்!