வெடியுப்பும் கீரைத்தண்டும்

சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் பொருள்களுள் ஒன்று வெடியுப்பு. வேதியியல் வகுப்பில் இதைப் பொட்டாசியம் நைட்ரேட் என்பீர்கள். கருமருந்தில் நான்கில் மூன்று பங்கு இதுதான். கரியும் கந்தகமும் எரிய வேண்டிய ஆக்ஸிஜனைத் தருவதும் இதுவே. இதே நைட்ரேட் அயனி உங்கள் வீட்டுத் தண்டுக்கீரையிலும் பீட்ரூட்டிலும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? மண்ணிலிருந்து வேர் உறிஞ்சியது அது. நம் இரத்தக் குழாய்களைத் தளர்த்த அது உதவுகிறது.

முதலில் ஒரு கணக்கு. குழாயின் ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதில் பாயும் திரவம் எவ்வளவு குறையும்? பத்தில் ஒரு பங்கு என்று சொல்லிவிடாதீர்கள்! பாய்ஸொய் விதிப்படி பாய்வு ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 0.9-இன் நான்காம் படி 0.656. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. பழைய அளவே பாய வேண்டுமானால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக வேண்டும். இரத்தம் தண்ணீரைப் போன்ற எளிய திரவமன்று. ஆயினும் கணக்கின் போக்கு இதுதான். (பாய்ஸொய் ஒரு மருத்துவர் என்பதை நம் இயற்பியல் நூல்கள் ஏனோ சொல்வதில்லை.)

குழாயை விரிக்கும் பொருள் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு. குழாயின் உட்சுவர்ச் செல்களே அதை உண்டாக்குகின்றன. இதைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவரும் 1998-இல் நோபெல் பரிசு பெற்றனர். டைனமைட்டில் உள்ள நைட்ரோகிளிசரின் நெஞ்சுவலிக்கு மருந்தாவதும் இந்த வாயுவால்தான்.

உடல் அளவுக்கு மீறிப் பருத்தால் சூப்பராக்ஸைடு என்னும் துடுக்கான ஆக்ஸிஜன் துகள்கள் பெருகி, நைட்ரிக் ஆக்ஸைடை அழித்துவிடுகின்றன. சிறுநீரகமும் உப்பைத் தேக்கிக்கொள்கிறது. குழாய் இறுகி, அழுத்தம் ஏறுகிறது.

கீரையின் நைட்ரேட்டை நாக்கின்மேல் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. உடலுக்குள் அது நைட்ரிக் ஆக்ஸைடாகிறது. 2008-இல் லண்டன் ஆய்வொன்றில், நலமுள்ளவர்கள் அரை லிட்டர் பீட்ரூட் சாறு குடித்த சுமார் மூன்று மணி நேரத்தில் அவர்களது மேல் அழுத்தம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் பாதரசம் குறைந்தது. கிருமிநாசினியால் வாய் கொப்பளித்தால் இந்தப் பலன் பெரிதும் குறைந்துவிடும்!

வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டின் வேறு வழியில், சூப்பராக்ஸைடைக் கட்டுப்படுத்தக்கூடும். ஆனால் மனிதரில் கண்ட பலன் சிறிது. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவோடு நாலு துண்டு வெங்காயம் கடித்தால் கணக்குச் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம்.

அப்பா இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாரா? கீரையை நம்பி அதை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியம் மிகுந்த கீரையையும் மருத்துவரைக் கேட்டே சேர்க்க வேண்டும். ஆலை வெடியுப்பை நாக்கில் வைத்துப் பார்க்கும் விளையாட்டு மட்டும் கூடவே கூடாது, அது நஞ்சு.