ஆர்டர் வந்துச்சு... பின்னாடியே சிபில் வந்துச்சு!

ஸ்டேட் பாங்க்கில் ஆபீஸர் வேலை. 2020-ல் விளம்பரம். ஒரு இளைஞர் அப்ளை பண்ணி, பாஸ் பண்ணி, ஆர்டரும் வாங்கிவிட்டார். வீட்டில் பாயசம் வைத்தார்களோ என்னவோ, 2021-ல் பாங்க்கிலிருந்து இன்னொரு கடிதம். ஆர்டர் கேன்சல்!

காரணம், சிபில் ரிப்போர்ட். பழைய லோன், க்ரெடிட் கார்டு பாக்கிகளை ஒழுங்காகக் கட்டவில்லை. விளம்பரம் வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன் என்று வாதாடிப் பார்த்தார். 2025 ஜூனில் சென்னை ஹைகோர்ட் கை விரித்துவிட்டது. பாக்கி இருக்கா, இல்லையா என்பதல்ல கேள்வி. கட்டின லட்சணம் எப்படி என்பதுதான். ஊரார் பணத்தை எண்ணுகிற வேலையாச்சே!

'பாங்க்காரன் கதை, நமக்கென்ன?' என்று காலரைத் தூக்கும் பெசன்ட் நகர் ராஜாஜி பவன் ஆசாமிகளே... மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964. பதினேழாவது விதியைப் புரட்டுங்கள். ஓயாமல் கடனில் கிடக்கக் கூடாது. கடன் வசூலுக்குக் கேஸ் போட்டால் மேலிடத்துக்கு நீங்களே சொல்லிவிட வேண்டும். வாசலில் கடன்காரன் நிற்கும்போது ஃபைலை விலை பேச வருகிறவனுக்கு வேலை சுலபம் இல்லையா?

அமெரிக்காவில் ராணுவ ரகசியம் புழங்கும் வேலைக்கு 13 தலைப்புகளில் ஆளைச் சலிக்கிறார்கள். கடன் அதில் ஒன்று. வேலை போச்சு, ஆஸ்பத்திரிச் செலவு, இப்போ அடைச்சுட்டு வர்றேன் என்றால் இரக்கம் காட்ட இடமுண்டு. தெரிந்தே மறைத்தால் அது தனிக் குற்றச்சாட்டு!

நம்மூரிலும் அதே கதைதான். வேலையில் சேரும்போது நீட்டுகிறார்களே அட்டஸ்டேஷன் ஃபாரம், அதில் போலீஸ் கேஸ் உண்டா என்று ஒரு கேள்வி. காலேஜில் கோஷம் போட்ட கேஸ்தானே என்று 'இல்லை' போடுகிறவர்கள் அநேகம். அந்த மாதிரிச் சில்லறை விஷயத்தை மறைத்திருந்தால் நிர்வாகம் மன்னிக்கலாம் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. மன்னிக்க'லாம்'. அந்த 'லாமை' நம்பி வேலையைப் பணயம் வைப்பீர்களா?

தி.நகரில் தவணைக்கு டி.வி. வாங்கி, பாதியில் ஏஜென்ட்டைப் பார்த்து மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் நழுவியவர்களுக்கு ஒரு பி.காம். தகவல். வருஷத்துக்கு ஒரு முறை சிபில் ரிப்போர்ட் ஓசியில் கிடைக்கும். வாங்கிப் பாருங்கள். பேரம் பேசிக் குறைத்துக் கட்டியிருந்தால் 'செட்டில்டு' என்று இருக்கும். முழுசாகக் கட்டினால்தான் 'க்ளோஸ்டு'. முன்னதைப் பார்த்தால் பாங்க்காரர் முகம் சுருங்கும். தப்பாக ஏறியிருந்தால் உடனே எழுதிப் போடுங்கள், திருத்த 30 நாள் கெடு உண்டு. இன்டர்வியூ லெட்டர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஸார்!